உத்திரமேரூரிலிருந்து முதுமலைக்கு: ஒரு சுற்றுலாத் திட்டமும் கொஞ்சம் சரித்திரமும்



நம் சங்கத்தின் செயற்குழு சென்ற மாதம் கூடியபோது, சந்திப்பு விழா முடிந்த கையோடு எல்லோருமாக ஒரு வேன் பிடித்து முதுமலைக்குப் போய் வருவது என்று தீர்மானமாயிற்று. "ரூட் போட்டுக் குடுப்பா, நீதான் சரித்திரம் படிச்சவன்" என்று சொல்லி வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சரித்திரம் படித்தவனுக்கும் ரூட் போடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலும் கையுமாக உட்கார்ந்த பிறகுதான், இந்த வழியில் நமக்கு முன்னால் யார் யாரெல்லாம் போயிருக்கிறார்கள், வந்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கணக்கு எழுத வேண்டிய நோட்டில் அதையெல்லாம் எழுதி வைத்தேன். மலர்க் குழுவினர் பார்த்துவிட்டு, "இதையே கட்டுரையாக் குடு, பக்கம் காலியாத்தான் இருக்கு" என்றார்கள்.

முதலில் சுற்றுலாக் கமிட்டியைப் பற்றி. இந்த ஊர்க்காரர்களாகிய நாம் கமிட்டி போடுவதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு. முப்பது குடும்புகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவது கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு, கால்வேலி நிலம் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் பார்த்திருக்கக் கூடாது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கவே கூடாது என்ற விதிதான். போன தடவை நாம் திருத்தணி போய் வந்த செலவுக் கணக்கு இன்னும் வரவில்லை என்பதைச் சம்பந்தப்பட்ட நண்பருக்கு இங்கே அன்போடு ஞாபகப்படுத்துகிறேன்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் காலத்து உத்திரமேரூர் பிரமதேயச் சதுர்வேதிமங்கலம். வேதம் ஓதியவர்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது. இன்று நம் சங்கத்தில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்று பிறந்திருந்தால் குடத்துக்கு வெளியேதான் நின்றிருப்போம். ஜனநாயகத்தின் பிறப்பிடம் என்று மேடைக்கு மேடை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசினால் ஊருக்கு ஒன்றும் மானக்கேடு வந்துவிடாது. நிற்க.

இனி வழி. உத்திரமேரூரிலிருந்து மேற்கே போக இரண்டு வழி உண்டு. காஞ்சிபுரம் போய் வாலாஜா, வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி என்று பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடிப்பது ஒன்று. வந்தவாசி, சேத்துப்பட்டு, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை என்று போய்ச் சேலத்தைப் பிடிப்பது இன்னொன்று. முதலாவது அகலமான ரோடு, டோல் உண்டு. இரண்டாவதில் சரித்திரம் உண்டு. நான் இரண்டாவதற்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

வந்தவாசியில் 1760 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டு, அயர் கூட் ஜெயித்து லாலி தோற்றதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். செங்கத்தைப் பற்றி அவ்வளவு படித்ததில்லை. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து நம் சமவெளிக்கு இறங்க அது ஒரு வாசல். 1780 ஜூலையில் ஹைதர் அலியின் பெரும்படை அந்தக் கணவாய் வழியாகத்தான் இறங்கியது. இரண்டு மாதத்துக்குள், செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. அந்தச் சண்டையைத் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் சித்திரமாகத் தீட்டி வைத்தான். மைசூர் பக்கம் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். நம் வயல்காட்டுச் சண்டை அங்கே சுவரில் இருக்கிறது.

ராஜாக்கள் ஜெயித்தார்கள், தோற்றார்கள். நம் ஜனங்களுக்கு என்ன ஆயிற்று? நம் ஊரும் சேர்ந்த செங்கற்பட்டுச் சீமை அப்போது கும்பினியின் ஜாகீர். குதிரைப்படை போன வழியெல்லாம் கிராமங்கள் காலியாயின. கரைகள் உடைந்து ஏரிகள் கிடந்தன. போர் ஓய்ந்து பத்தாண்டு கழிந்தும் நிலங்கள் தரிசாகவே இருந்தன. அந்த நிலையில் 1794-ல் கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். வரி விஷயத்தில் கெடுபிடியான ஆள். மிராசுதார்களோடு பெரும் சண்டை பிடித்தவர். ஆனால் ஏரி நிரம்பாமல் வரி வராது என்று தெரிந்தவர். மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்து நின்ற ராமலட்சுமணர்களை இந்தத் துரைதான் நேரில் கண்டதாக ஐதீகம். "ஏரி காத்த ராமர்" கதையை நம் பக்கத்தில் சொல்லாத பாட்டி கிடையாது.

அதே பிளேஸ் துரையிடம்தான் வேடந்தாங்கல் கிராமத்தார் ஒரு மனு கொண்டுபோனார்கள். ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளுகிறார்கள், தடுக்க வேண்டும் என்பது மனு. காரணம் வெறும் ஜீவகாருண்யம் மட்டும் அல்ல. கடப்ப மரங்களில் அடையும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் போடும் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்கு எருவாகப் பாயும். பறவை போனால் மகசூல் போகும். 1798-ல் பிளேஸ் அதை ஒப்புக்கொண்டு பறவைகளைக் காக்கும் உரிமையைக் கிராமத்தாருக்கே கௌல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் வேறொரு கலெக்டர் அதைப் புதுப்பித்தார். சரணாலயம் என்ற அங்கீகாரம் 1936-ல். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது வேடந்தாங்கல் செங்கற்பட்டோடு போய்விட்டது. போனால் என்ன, நமக்கு எப்போதும் பக்கத்து ஊர்தான். சைக்கிளில் போய் வந்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர்.

முதுமலைக்கு வழி கேட்டால் வேடந்தாங்கலைச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். நீலகிரிப் பக்கம் வனவிலங்குகளைக் காக்கச் சட்டம் வந்த கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னை ராஜதானியில் காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் வந்தது 1873-ல். நீலகிரியில் வேட்டைக்காரத் துரைமார்கள் 1877-ல் சங்கம் வைத்தார்கள். 1879-ல் தனிச் சட்டம் வந்தது. அவர்கள் காத்தது, தாங்கள் சுடுவதற்கு மிருகம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே துப்பாக்கிக்காரனிடமிருந்து காப்பாற்று என்று நம் பக்கத்துச் சம்சாரிகள் எழுத்து வாங்கிவிட்டார்கள். இந்தப் பெருமையைக் குடவோலைக்கு அடுத்தபடியாகவாவது நாம் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

சேலம், பவானி தாண்டினால் சத்தியமங்கலம். அங்கிருந்து பண்ணாரி, திம்பம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. மேலே ஆசனூர், பிறகு கர்நாடகத்துச் சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர். பந்திப்பூர் காடு முடிகிற இடத்தில் முதுமலை தொடங்குகிறது. நாம் படித்த நாட்களிலும் அதற்குப் பின்பும் திம்பம் வழி என்றாலே வீட்டில் விடமாட்டார்கள். வீரப்பன் பயம். 2000 ஜூலையில் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போனது தாளவாடிப் பக்கத்துத் தொட்டகாஜனூரிலிருந்துதான். 2004 அக்டோபரில் அந்த அத்தியாயம் முடிந்தது. அதன் பிறகு ராத்திரி பகலாக லாரி ஓடத் தொடங்கியது. மனிதனுக்குப் பயம் போயிற்று, மிருகத்துக்கு வந்தது. சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகமாயிற்று. ரோட்டில் அடிபட்டுச் சாகும் விலங்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து, 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் இந்த வழியில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. லாரி முதலிய கனரக வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை. நம்மைப் போன்றவர்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. பந்திப்பூரில் இதே தடை 2009 முதலே உண்டு.

இங்கேதான் கமிட்டியில் தகராறு. "ராத்திரி கிளம்பி வண்டியிலேயே தூங்கிட்டா ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம்" என்றார் பொருளாளர். நியாயமான பேச்சுதான், அவருக்குக் காசு, எனக்குக் காடு. ஒன்பது மணிக்கு முன்பே கேட்டைத் தாண்டிவிடலாம் என்று இன்னொருவர் நேரம் கணக்குப் போட்டார். நான் முடியாது என்றேன். ஏன் இவன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறான் என்று அன்று சிலர் முகம் சுளித்தீர்கள். காரணத்தை அங்கே சொல்ல வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டுச் சுற்றுலா ஞாபகம் இருக்கிறதா? வாடகை பஸ்ஸில் மைசூர் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு ஊட்டிக்குக் கிளம்பினோம். பந்திப்பூர்க் காட்டுக்குள் பஸ் போகும்போது பாட்டும் கைத்தட்டலும் காதைப் பிளந்தது. "யானை வரட்டும்" என்று ஜன்னலைத் தட்டிக்கொண்டு வந்தோம். திடீரென்று ஒரு சத்தம், ஒரு குலுக்கல். பஸ் நின்றது. முன் சீட்டில் இருந்த நானும் இன்னும் இருவரும் டிரைவரோடு இறங்கினோம். புள்ளிமான். பெட்டை. உயிர் இருந்தது. டிரைவர் காலைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டார். "ஏறுங்கப்பா, கேஸு ஆயிடும்" என்றார். ஏறிவிட்டோம். பின் சீட்டிலிருந்து என்ன என்று கேட்டார்கள்; கல்லு என்று சொன்னோம். பாட்டு மறுபடியும் தொடங்கியது. நானும் பாடினேன். அந்த மூன்று பேரில் ஒருவர் இன்று இல்லை. மற்றவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவரும் நானும் இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம், அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆகவே பகலில்தான் போகிறோம். ஒரு நாள் ரூம் வாடகையில் என் பங்குக்கு மேல் கூடுதலாகத் தரவும் தயார் என்று பொருளாளருக்குச் சொல்லிவிட்டேன். அவர் வாங்க மறுத்துவிட்டார், நல்ல மனிதர்.

முதுமலைக்கு வருவோம். அந்தக் காடு ஒரு காலத்தில் நிலம்பூர்த் திருமுல்பாட்டுக்குச் சொந்தம். தேக்குக்காக வெள்ளைக்காரர் குத்தகைக்கு எடுத்தார்கள். மரம் வெட்ட ஆள் வேண்டும், வெட்டிய மரத்தை இழுக்க யானை வேண்டும். குழி தோண்டிக் காட்டு யானையைப் பிடித்துப் பழக்கினார்கள். தெப்பக்காட்டு யானை முகாம் அப்படிப் பிறந்ததுதான். பக்கத்துத் தேவாலா, பந்தலூரில் தங்கம் கிடைக்கிறது என்று 1880-ஐ ஒட்டி லண்டனில் கம்பெனிகள் முளைத்துக் கோடிக்கணக்கில் பங்கு விற்று, இரண்டே வருஷத்தில் கவிழ்ந்ததும் தனிக் கதை. 1940-ல் சுமார் 62 சதுர கிலோமீட்டர் அளவில் முதுமலை சரணாலயமாயிற்று. 1956-லும் 1958-லும் விரிந்து, 1977-ல் 321 சதுர கிலோமீட்டரை எட்டியது. 1986-ல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் சேர்ந்தது. நாட்டிலேயே முதல் உயிர்க்கோளக் காப்பகம் அதுதான். நடுப்பகுதியில் 103 சதுர கிலோமீட்டர் பிறகு தேசியப் பூங்கா என்றாயிற்று. 2007-ல் புலிகள் காப்பகம்.

காகிதத்தில் எல்லை விரிய விரிய, உள்ளே இருந்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் கேட்க வேண்டும். பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர், பணியர், இருளர் எல்லாம் அந்தக் காட்டின் பழைய குடிகள். வயநாட்டுச் செட்டிமார் அங்கே நெல் விளைத்தவர்கள். புலிகள் காப்பகம் என்று அறிவித்தபோது பிழைப்பு போய்விடும் என்று மசினகுடிப் பக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. காட்டுக்குள்ளிருந்து வெளியே குடியேறச் சம்மதித்த குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்ற திட்டத்தில் பலர் வெளியேறினார்கள். வேடந்தாங்கலில் காவல் உரிமை ஊரார் கையில் இருந்தது. முதுமலையில் ஊரையே வெளியே வைத்தார்கள். புலிக்கு இடம் வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக இருந்தவன் வெளியே போக, வாரக் கடைசியில் காரில் வருகிறவன் உள்ளே போவது எனக்கு உறுத்துகிறது. அந்தக் காரில் நாமும் இருக்கிறோம்.

ஓய்வு விடுதிகள் கதை இதோடு சேர்ந்தது. மசினகுடியைச் சுற்றிய சீகூர் சமவெளிதான் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய் வரும் பாதை. அதில் விடுதி கட்டி மின்வேலி போட்டால் யானை எங்கே போகும்? 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் யானை வழித்தடத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதியிலிருந்து எரியும் பொருளை வீசி ஒரு ஆண் யானை காது கருகிச் செத்ததை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அதனால் தங்குவது வனத்துறை விடுதியில்தான். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். யாருக்கோ தெரிந்தவர் ரிசார்ட் வைத்திருக்கிறார் என்ற பேச்சு வேண்டாம்.

தெப்பக்காட்டில் பார்க்க வேண்டியது முகாமில் யானைகளுக்குச் சோறு கொடுக்கிற காட்சி. கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம், தேங்காய், உப்பு சேர்த்து உருண்டை பிடித்து ஊட்டுவார்கள். மரம் இழுக்கிற வேலை எல்லாம் போய், இப்போது ரோந்துக்கும் கும்கியாகவும் அந்த யானைகள் பயன்படுகின்றன. கால்நடை மருத்துவர் வி.கிருஷ்ணமூர்த்தி வேலை பார்த்த காடு இது. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வழியே அவரைத் தெரிந்தவர்கள் நம்மில் உண்டு. 2023 மார்ச்சில் ஆஸ்கார் பரிசு வாங்கிய குறும்படத்தின் பொம்மனும் பெள்ளியும் இந்த முகாமைச் சேர்ந்தவர்கள்தான். அந்த ஆண்டே பெள்ளிக்குக் காவடி வேலை கிடைத்தது, அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர். அவர்களைத் தேடிப் போய்ப் போட்டோ எடுப்பது என்று யாரும் திட்டம் வைத்திருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது உத்தியோகம் பார்க்கிற இடம்.

நம் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் பெயரைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. மா.கிருஷ்ணன். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். வேடந்தாங்கல் பறவைகளையும் முதுமலை யானைகளையும் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 1950 முதல் 1996 பிப்ரவரியில் இறக்கும் வரை ஒரே பத்திரிகையில் இடைவிடாமல் பத்தி எழுதினார். யானையைக் கிட்டப் போய்ப் படம் எடுக்கத் துணிகிற நம் செல்போன் வீரர்கள், அவர் எவ்வளவு நேரம் காத்திருந்து ஒரு படம் எடுத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி நடைமுறை. முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் வேன் நிற்கும். வந்தவாசி, திருவண்ணாமலை வழி. செங்கத்தில் டீ. பவானியில் மதியச் சாப்பாடு. இரவு சத்தியமங்கலத்தில் தங்கல். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்காரர்களுக்கு அதுவே சரி. மறுநாள் ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் மலை ஏறினால், மதியத்துக்குள் பந்திப்பூர் தாண்டித் தெப்பக்காடு. நடுவில் கர்நாடகம் வருவதால் வண்டிக்கு அந்த மாநில பர்மிட் எடுக்க வேண்டும். இதை வேன்காரரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் பார்டரில் நின்று தகராறு. நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. வண்டி எண் தெரிந்ததும் நானே பதிந்துவிடுகிறேன். காட்டுக்குள் நம் வண்டி போகாது, வனத்துறை வண்டியில்தான் சுற்ற முடியும். தீக் காலத்தில், அதாவது பிப்ரவரி முதல் மழை வரும் வரை, சில வருஷம் பூங்காவை மூடிவிடுவார்கள். ஆகவே தேதியை அதற்கேற்றபடி வைக்க வேண்டும். திரும்புவது கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் வழி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் முப்பத்தாறு வளைவு. 2018-ல் நடந்த ஒரு கோர விபத்துக்குப் பின் வெளிமாவட்ட வண்டிகளை அந்த வழியே இறங்க விடுவதில்லை. நமக்கு அந்த வழி வேண்டவும் வேண்டாம்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மாவட்ட எல்லையிலேயே பிடுங்கிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரவும். குரங்குக்கும் மானுக்கும் பிஸ்கட் போடுவதற்கென்று யாரும் தனியாக வாங்கி வர வேண்டாம். பந்திப்பூருக்குள் நுழைந்ததிலிருந்து தெப்பக்காடு வரை வண்டியில் பாட்டு கிடையாது. இது கமிட்டி தீர்மானம் அல்ல, என் வேண்டுகோள்.

வர விரும்புகிறவர்கள் விழா அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதி, வரவேற்பு மேஜையில் வைத்திருக்கும் குடத்தில் போடவும். சீட்டு இருபத்தைந்துக்கு மேல் போனால் வந்திருக்கிற பேரப்பிள்ளைகளில் ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வோம். திருத்தணிக் கணக்கைக் கொடுக்கும் வரை அந்த ஒரு நண்பரின் சீட்டு மட்டும் செல்லாது.